லடாக் போகும் வண்டிதான் ஆபீசுக்கும் போகவேண்டும்

கேள்வி: வயது 34, உயரம் 5 அடி 5 அங்குலம். ஏழு வருடமாக ஒரு 150 சிசி வண்டி ஓட்டுகிறேன். வீடு திண்டுக்கல். வேலைக்குப் போய்வர தினமும் 44 கி.மீ. மாதம் ஒருமுறை மனைவியோடு கொடைக்கானல், வால்பாறை, மூணாறு என்று எங்காவது கிளம்பிவிடுவோம். ஒரே ஒருமுறையாவது லடாக் போகவேண்டும் என்று ஆசை. வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு விலை 3 லட்சம் வரை முடியும். ஓட்டுகிற நண்பர்களைக் கேட்டால் ஒருவர் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 தவிர வேறு எதையும் பார்க்காதே என்கிறார். இன்னொருவர் கேடிஎம் 390 அட்வென்ச்சர் என்கிறார். சித்தப்பா மகன் அதே ராயல் என்ஃபீல்டின் மீட்டியார் 350 போதும் என்று சிரிக்கிறான். யார் பேச்சைக் கேட்பது? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் முதுகையும் முழங்காலையும் வைத்துப் பேசுகிறார்கள். போதாக்குறைக்கு, கடன் வாங்கி வண்டி எடுத்தவர் யாரும் முதல் வருடத்தில் "தப்புப் பண்ணிட்டேன்" என்று வாய் திறக்கமாட்டார். அதனால் "எந்த வண்டி நல்லது?" என்று நான் எவரையும் கேட்பதில்லை. மீட்டரில் எவ்வளவு ஓடியிருக்கிறது, உங்கள் உயரம் என்ன, பின்னால் யார் உட்காருகிறார்கள், கடைசி சர்வீசுக்கு விட்ட வண்டி எத்தனை நாளில் கைக்கு வந்தது என்று கேட்பேன். 2,000 கி.மீ. ஓட்டிய ஆறடிக்காரரின் பாராட்டை விட, 40,000 கி.மீ. ஓட்டிய உங்கள் உயரக்காரரின் முணுமுணுப்பு உங்களுக்கு உதவும்.

இப்போது உங்கள் கணக்கைப் போடுவோம். வருடம் 280 வேலைநாள் என்றால் ஆபீசுக்கே 12,000 கி.மீ. தாண்டுகிறது. மாதப் பயணம் சராசரி 400 கி.மீ. என்று வைத்தால் 4,800. ஐந்து வருடத்தில் இவை இரண்டும் சேர்ந்து 85,000 கி.மீ. சுமார். திண்டுக்கல்லிலிருந்து லடாக்கின் லே நகருக்குப் போய்த் திரும்ப 7,000 கி.மீ. சொச்சம். அந்த 7,000-க்காக 85,000-ஐக் கஷ்டப்படுத்தவேண்டுமா என்பதுதான் நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ளவேண்டியது.

பணத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. 350-ஐத் தாண்டினால் செஸ் என்ற கூடுதல் வரியோடு 31 சதவீதமாக இருந்தது நேராக 40 ஆனது. அதாவது 349 சிசிக்கும் 399 சிசிக்கும் நடுவில் இப்போது ஒரு மதில்சுவரே எழும்பியிருக்கிறது. ஹிமாலயன் 450-ம் 390 அட்வென்ச்சரும் அந்தச் சுவருக்கு அப்பால் நிற்கின்றன. உங்கள் 3 லட்சத்துக்குள் ஆன்-ரோடு இரண்டும் வராது. இன்னும் கணிசமாகப் புரட்டினால் வரும். ஆனால் ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, பூட்ஸ், பெட்டி எல்லாம் அதற்கு மேலே. ஜாக்கெட்டை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டு வண்டியை மட்டும் பெரிதாக வாங்கியவர்கள் எங்கள் ரைடர் குழுவிலேயே இருக்கிறார்கள். அதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

அடுத்து உயரம். ஹிமாலயன் 450-ன் சீட் 825 மி.மீ., எடை 196 கிலோ. மீட்டியார் 350-ன் சீட் 765 மி.மீ., எடை 191 கிலோ. எடையில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் அந்த 60 மி.மீ. உங்கள் உயரத்துக்குப் பெரிய வித்தியாசம். ஷோரூம் தரை சமமாக இருக்கும். அங்கே உட்கார்ந்து பார்த்து "கால் எட்டுது சார்" என்பது பாதி பரீட்சைதான். கொடைக்கானல் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுக்கு நடுவில் முன்னால் போகும் பஸ் நின்றுவிடுகிறது. தரை உள்பக்கமாகச் சரிகிறது. பின்னால் மனைவி, பெட்டியில் பத்து கிலோ. அந்த நேரத்தில் நுனிக்கால்தான் எட்டுகிறது என்றால் வண்டி சாயத் தொடங்கும், சாயத் தொடங்கிய வண்டியை யாரும் பிடித்து நிறுத்த முடியாது. அதனால் மனைவியையும் கூட்டிக்கொண்டு போய், அவர் ஏறி உட்கார்ந்த பிறகு, கொஞ்சம் சரிவான இடத்தில் வண்டியைக் காலால் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். சேல்ஸ்மேன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பின்சீட்டைப் பற்றி ஓட்டுகிறவர்கள் கருத்துச் சொல்வதை நான் நம்புவதில்லை. உட்கார்ந்து வந்தவரைக் கேட்கவேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் இரண்டு வருடம் தன் வண்டியைப் புகழ்ந்து தள்ளினார். ஒருநாள் டீக்கடையில் அவர் மனைவியிடம் கேட்டோம். "ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருதடவை டீ குடிக்கணும்னு இவருக்கு ஏன் தோணுதுன்னு நினைக்கிறீங்க? நான் முதுகுல குத்துவேன்" என்றார்.

என் தீர்ப்பு: உங்கள் சித்தப்பா மகன் பக்கம். மீட்டியார் 350, அல்லது ஹோண்டா சிபி350. ஹோண்டாவின் சீட் 800 மி.மீ., எடை கொஞ்சம் குறைவு. கால்வைப்பு நேராக இருப்பதால் தினசரி ஓட்டத்துக்கு அது சிலருக்கு இன்னும் வசதி. மீட்டியாரில் கால் முன்னால் நீட்டியபடி இருக்கும். நல்ல ரோட்டில் சோபா மாதிரி, ஆனால் பள்ளத்தில் இறங்கினால் அடி முழுக்க இடுப்புக்குத்தான், காலை ஊன்றி எழ முடியாது. இரண்டுமே 20 குதிரைத்திறன் சுமாருக்கு உள்ளவை. நாலு வழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு வேக வரம்பே மணிக்கு 80 கி.மீ. அதில் இவை நாள் முழுக்க அலுங்காமல் போகும். ஆனால் வத்தலகுண்டு மாதிரி இருவழி ரோட்டில் லாரியைத் தாண்ட, 40 குதிரைத்திறன் வண்டியைப் போல நினைத்தவுடன் பாயாது. கியரைக் குறைத்து, எதிரே பார்த்து, காத்திருந்து தாண்டவேண்டும். இந்தப் பொறுமை உங்களிடம் இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் பணம் சேர்த்து 390-க்கோ 450-க்கோ போங்கள், வீண் இல்லை. குறிப்பாக 450-ன் 17 லிட்டர் டேங்கும், மோசமான பாதையில் எழுந்து நின்றபடி ஓட்டும் வசதியும் உண்மையாகவே பயணத்துக்கென்று செய்தவை.

லடாக்? 350-ல் போனவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அந்தக் காலத்து 350 புல்லட்டிலேயே போய்வந்தார்கள். மணாலி–லே பாதையில் தாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கி.மீ. தொலைவில் என்று வைத்திருந்த பலகை முன்னால் படம் எடுக்காத ரைடர் இல்லை. 15 லிட்டர் டேங்கும் 35 கி.மீ. மைலேஜும் இருந்தால் கணக்கில் தாண்டிவிடும். மலையில் மைலேஜ் குறையும், அதனால் ஒரு கேனும் கட்டிக்கொள்ளவேண்டும். ரோட்டிலேயே போக லீவு கிடைக்காவிட்டால் ரயிலில் பார்சலாக அனுப்பலாம். டேங்கைக் காலி செய்துதான் ஏற்றுவார்கள். மணாலியில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணினால் ஒரு எச்சரிக்கை: வெளியூர் வாடகை வண்டிகளை லே பக்கம் உள்ளூர் சுற்ற விடமாட்டார்கள், அங்கே போய் மறுபடி அந்த ஊர் வண்டி எடுக்கவேண்டும். உங்கள் பெயரில் உள்ள சொந்த வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக ஒன்று. பத்து நிமிட டெஸ்ட் ரைடில் எஞ்சின் சத்தம் தவிர வேறொன்றும் தெரியாது. இடுப்பு வலி 150-வது கிலோமீட்டரில்தான் வரும். சென்னையிலோ பெங்களூருவிலோ இந்த வண்டிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. இரண்டு பேரும் போய் ஒரு சனி, ஞாயிறு ஓட்டிவிட்டு வாருங்கள். பெங்களூருவில் எடுத்தால் மைசூரு எக்ஸ்பிரஸ்வேயின் பிரதானப் பாதையில் ஏறிவிடாதீர்கள். 2023 ஆகஸ்டிலிருந்து பைக்குகளுக்கு அங்கே தடை, சர்வீஸ் ரோடுதான்.

கேள்வி: ஷோரூம் விலை 2 லட்சம் என்று விளம்பரம். கொட்டேஷனில் 2 லட்சத்து 56 ஆயிரம். வண்டி 350 சிசிக்குள்தான். இவ்வளவு வருமா? (திருச்சி வாசகர்)

பதில்: வராது. தமிழ்நாட்டில் 1 லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்கு வாழ்நாள் வரி 12 சதவீதம், அதாவது 24,000. புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி 150-லிருந்து 350 சிசி வரை 7,365 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி. (350-க்கு மேல் இதுவே 15,117.) சொந்த சேதக் காப்பீடு, பதிவுக் கட்டணம், நம்பர் பிளேட் என்று சில ஆயிரங்கள். எப்படிக் கூட்டினாலும் 2 லட்சத்து 42 ஆயிரம் பக்கம் நின்றுவிடவேண்டும்.

மீதிப் பணம் எங்கே என்று கொட்டேஷனை வரிவரியாகப் படியுங்கள். "ஹேண்ட்லிங்", "லாஜிஸ்டிக்ஸ்" என்று ஒரு வரி இருக்கும். அதை அரசாங்கம் கேட்கவில்லை, கடை கேட்கிறது, எடுக்கச் சொல்லுங்கள். "கம்பல்சரி ஆக்சஸரி கிட்" இன்னொன்று. எந்த ஆக்சஸரியும் கம்பல்சரி இல்லை. எஞ்சின் கார்டு வேண்டும்தான், அதை நீங்கள் தேர்ந்தெடுத்து வாங்குங்கள். காப்பீட்டையும் அவர்களிடமே எடுக்கவேண்டிய அவசியம் இல்லை. வெளியே விலை கேட்டுக்கொண்டு போய்ப் பேசினாலே உள்ளே குறைகிறது. தேய்மானம் கழிக்காமல் பாகங்களுக்குப் பணம் தரும் ஜீரோ டெப்ரிசியேஷன் காப்பீட்டை மட்டும் விடாதீர்கள், டூரிங் வண்டியில் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் அதிகம். ஒத்துவரவில்லை என்றால் கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி: நான் பெண், உயரம் 5 அடி 1 அங்குலம். தனியாக நீண்ட தூரம் போக ஆசை. "உன் உயரத்துக்கு ஸ்கூட்டர்தான்" என்கிறார் ஷோரூம்காரர். (கோவை வாசகி)

பதில்: அந்த ஷோரூமை விட்டு வெளியே வாருங்கள் முதலில். பஜாஜ் அவெஞ்சர் 220 க்ரூஸின் சீட் 737 மி.மீ.தான், எடை 163 கிலோ. பழைய வடிவம், ஃபேஷன் இல்லை என்பார்கள். உங்களுக்கு ஃபேஷனா முக்கியம்? மீட்டியார் 350-ம் கால் எட்டும், ஆனால் 28 கிலோ கூடுதல். தனியாகப் போகிறவருக்கு அந்த 28 கிலோ, ஓட்டும்போது தெரியாது; லாட்ஜ் வாசலில் சரளைக்கல்லில் வண்டியைத் திருப்பும்போது தெரியும். சூப்பர் மீட்டியார் 650-ன் சீட் 740 மி.மீ. என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அது 241 கிலோ. அனுபவம் சேர்ந்தபிறகு பார்க்கலாம்.

உயரமான வண்டி மேல் மனம் போய்விட்டதென்றால், இரண்டு காலும் ஊன்றவேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. இடுப்பை ஒருபக்கம் நகர்த்தி இடதுகாலை முழுதாக ஊன்றி நிறுத்தப் பழகலாம், ஒரு மாதம் பிடிக்கும். மெக்கானிக்கிடம் சொல்லி சஸ்பென்ஷனை இறக்குவது வேண்டாம். சைடு ஸ்டாண்டில் வண்டி நிமிர்ந்து நின்று, காற்றடித்தால் மறுபக்கம் விழும்.

கேள்வி: ஸ்போக் வீலா, அலாய் வீலா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: தார்ரோட்டில் போகிறவருக்கு டியூப்லெஸ் டயர் போட்ட அலாய். கல்லிலும் பள்ளத்திலும் அலாய் விரிசல் விடலாம், ஸ்போக் வளைந்து கொடுக்கும் என்பது சரிதான். ஆனால் நீங்கள் கல்லில் போவது எத்தனை நாள்? டியூப் போட்ட ஸ்போக் வண்டியில் மசினகுடிக்கு அப்புறம், சாயங்காலம் ஐந்தரைக்கு, எனக்குப் பின்சக்கரம் பஞ்சரானது. யானை நடமாட்டம் என்று போர்டு. சக்கரத்தைக் கழற்றாமல் எதுவும் செய்ய முடியாது. ஒரு ஜீப்காரர் நிறுத்தி ஏற்றிக்கொள்ளும்வரை நான் திரும்பித் திரும்பிப் பார்த்தது டயரை இல்லை. டியூப்லெஸ் என்றால் சீட்டுக்கடியில் இருக்கும் பஞ்சர் கிட்டை எடுத்துப் பத்து நிமிடத்தில் அடைத்திருப்பேன். இப்போது டியூப்லெஸ் ஸ்போக் வீலும் வருகிறது, காசு இருந்தால் அது.

கேள்வி: டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300 புக் செய்யலாமா? புது வண்டி என்று வீட்டில் தயங்குகிறார்கள். (ஓசூர் வாசகர்)

பதில்: 2025 அக்டோபரில் வந்தது. 299 சிசி, 36 குதிரைத்திறன் சுமார், ஜிஎஸ்டி சுவருக்கு இந்தப் பக்கம். காகிதத்தில் பார்த்தால் இந்த விலைக்கு எனக்கும் கை அரிக்கிறது. சீட் 835 மி.மீ., அதை மட்டும் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

புது எஞ்சினோடு வரும் எந்த வண்டியையும், யார் செய்தாலும், நான் முதல் வருடத்தில் வாங்குவதில்லை. ஒருமுறை அப்படி வாங்கி, ஒரு சின்ன சென்சாருக்காகப் பதினொரு நாள் வண்டி சர்வீஸ் சென்டரிலேயே கிடந்தது. தொழிற்சாலையிலிருந்தே இன்னும் ஸ்பேர் வரவில்லை என்றார்கள். ஆனால் நீங்கள் இருப்பது ஓசூர், டிவிஎஸ் வீட்டு வாசல். அந்த ஊரில் இருந்துகொண்டு ஸ்பேருக்குப் பயப்படுவது, காவிரிக்கரையில் குடியிருந்து குடத்தை ஒளித்துவைப்பது மாதிரி. வீட்டில் சொல்லிப் பாருங்கள்.