குளுக்கோஸ் ஒரே அளவுல இருக்கும்போதும் கணையத்துல இன்சுலின் சுரக்கற பீட்டா செல்லுல கால்சியம் ஏன் ஏறி ஏறி இறங்குது?

நல்ல கேள்வி. சுருக்கமா சொன்னா, உள்ள வர்ற கால்சியமே தன்னோட வரத்த நிறுத்திடுது, அதான் காரணம்.

ஆரம்பம் எல்லா புக்லயும் இருக்கு. குளுக்கோஸ் உடைஞ்சு செல்லோட எரிபொருளான ஏடிபி கூடும், அது கே-ஏடிபி சேனல, அதாவது செல் சவ்வுல பொட்டாசியம் வெளிய போற வாசல மூடும், பொட்டாசியம் வெளிய போறது குறையும், மைனஸ் 70 மில்லிவோல்ட் பக்கம் கிடந்த செல்லோட வோல்டேஜ் மேல ஏறும், எல்-டைப் கால்சியம் சேனல் திறக்கும், கால்சியம் வந்து இன்சுலின வெளிய தள்ளும். பாதி பேர் இதோட நிறுத்திடறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம், ஏன்னா சுவாரஸ்யமே இதுக்கப்புறம்தான்.

வந்த கால்சியத்த வெளியவும், செல்லுக்குள்ள கால்சியத்த சேத்து வெக்கற ஈஆருக்குள்ளயும் பம்ப் பண்ணியாகணும், அதுக்கு ஏடிபி செலவாகும். ஏடிபி குறைஞ்சா கே-ஏடிபி சேனல்ல கொஞ்சம் திரும்ப திறக்கும், கால்சியத்தால திறக்கற பொட்டாசியம் சேனலும் கூட சேந்துக்கும், வோல்டேஜ் கீழ விழும், கால்சியம் சேனல் மூடிக்கும். கால்சியம் காலியானதும் ஏடிபி தேறிடும், மறுபடி முதல்லேந்து.

1983ல சே, கீசர்னு ரெண்டு பேர் போட்ட மாடல்ல கால்சியம் மெதுவா சேந்து சேந்து பொட்டாசியம் சேனல திறக்கும்னு வெச்சாங்க. அழகான ஐடியா, ஆனா அப்புறம் கால்சியம் பட்டா ஒளிர்ற டை போட்டு அளந்தா கால்சியம் சட்டுனு ஏறி மேலயே நிக்குது, அப்ப அதவிட மெதுவான ஏதோ ஒண்ணு வேணும்ல, அந்த இடத்துக்குத்தான் ஈஆரும் ஏடிபியும் வந்துச்சு.

எலியோட ஐலெட்ட, அதாவது பீட்டா செல்லுங்க கூட்டமா இருக்கற கணைய உருண்டைய, இந்த டை போட்டு மைக்ராஸ்கோப்ல பாத்திருக்கேன், ஒரு ஓரத்துல வெளிச்சம் ஆரம்பிச்சு கண் சிமிட்டறதுக்குள்ள மொத்தமும் பளிச்சுனு ஆயிடும். செல்லுக்கு செல் கனெக்சின் 36ங்கற புரதம் இணைச்சிருக்கறதாலதான் அது, அந்த ஜீன் இல்லாத எலில ஒவ்வொரு செல்லும் தன் இஷ்டத்துக்கு போகும். டயசாக்சைடுங்கற மருந்த ஊத்தினா கே-ஏடிபி திறந்தே கிடக்கும், கால்சியம் கோடு தரைல படுத்துடும், கே-ஏடிபிய மூடற டோல்பியூட்டமைடு மருந்த நிறைய போட்டா அலையே இல்லாம மேலயே நிக்கும்.

இது லேப் விஷயம் மட்டும் இல்ல. கே-ஏடிபி சேனலோட ஒரு பகுதிய உருவாக்கற கேசிஎன்ஜே11 ஜீன்ல சில மாற்றம் இருந்தா ஏடிபி ஏறினாலும் இந்த சேனல் சரியா மூடாது, அதனால பிறந்து சில மாசத்துலயே சர்க்கரை நோய் வருதுனு 2004ல கண்டுபிடிச்சாங்க. ஜீன் டெஸ்ட்ல இது உறுதியான குழந்தைங்கள்ல நிறைய பேர டாக்டருங்க இன்சுலின் ஊசிலேந்து டோல்பியூட்டமைடு வகைய சேந்த சல்ஃபோனைல்யூரியா மாத்திரைக்கு மாத்தறாங்க, அந்த மாத்திரை ஏடிபியால மூட முடியாத சேனல நேரா போய் மூடுது.