பழைய வீட்டுக் கணக்கு நோட்டு என்ன சொல்லும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் செட்டிநாட்டு வீட்டில் பாட்டனார் காலத்துச் சிட்டையும் பேரேடும் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. வீட்டில் உள்ள படம், பாத்திரம், மரவேலை எல்லாம் எப்போது வந்தவை என்று இவற்றை வைத்துக் கண்டுபிடிக்கலாமா? எங்கே தொடங்குவது?
– வாசகர், தேவகோட்டை

பதில்: கண்டுபிடிக்கலாம். ஆனால் பேரேட்டில் தொடங்காதீர்கள். அது ஆள்வாரியாகத் தொகுத்தது. 'ஆசாரி பற்று ரூ. 25' என்பதோடு நின்றுவிடும். எந்த வேலை, எத்தனை உருப்படி என்பதெல்லாம் அன்றாடம் எழுதிய சிட்டையில்தான் கிடைக்கும். சிட்டையில் ஒரு வேலை பிடிபட்டதும் அந்த ஆசாரியின் பேரேட்டுப் பக்கத்துக்குப் போங்கள். முன்பணம் கொடுத்த நாள் முதல் கணக்குத் தீர்த்த நாள் வரை ஒரே இடத்தில் இருப்பதால், வேலை எத்தனை மாதம் இழுத்தது என்று தெரிந்துவிடும்.

அதற்கு முன் நோட்டைப் படம் எடுத்துவிடுங்கள். வெயிலில் காயவைக்கக் கூடாது, கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டக் கூடாது. மென்மையான பிரஷ்ஷால் தூசு தட்டி, மூலையில் பென்சிலால் பக்க எண் போட்டு, வெற்றுப் பக்கத்தையும் விடாமல் எடுங்கள். செருகிவைத்த ரசீதுகளை எந்தப் பக்கத்தில் இருந்தன என்று குறித்துக்கொண்டு அங்கேயே திரும்ப வையுங்கள். தனியாகப் பிரிந்த ரசீதுக்குப் பாதி மதிப்புதான்.

அடுத்து எண்கள். தமிழ் எண்ணில் ௰ பத்து, ௱ நூறு. ௨௰ என்றால் 20. ௰௨ என்றால் 12. இந்த இரண்டையும் மாற்றிப் படிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஒரே நோட்டில் ஒரு கணக்குப்பிள்ளை ௨௱௩௰௫ என்றும் அடுத்தவர் ௨௩௫ என்றும் எழுதியிருக்கலாம், இரண்டும் 235தான்.

பணம் ரூபாய்–அணா–பை. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. 3–14–6 என்பதைக் கணினியில் 3.14 என்று அடித்தால் கணக்கே கெட்டது. அப்படியே 3-14-6 என்று அடித்தால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடக்கூடும். மூன்று தனிப் பத்திகளில் போட்டு, நான்காவதில் எல்லாவற்றையும் பையாக மாற்றுங்கள்: 3×192 + 14×12 + 6 = 750 பை. பிறகு ஒரு நாள் வரிகளைக் கூட்டி, நோட்டில் எழுதிய கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் பெரும்பாலும் நாம் ஏதோ ஒரு எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறோம். கணக்குப்பிள்ளையைச் சந்தேகிப்பது கடைசியாக இருக்கட்டும்.

ஆண்டுதான் பெரிய பொறி. 'விஷு வருஷம்' 1881–82ஆகவும் இருக்கலாம், 1941–42ஆகவும் இருக்கலாம். மாதம், தேதியோடு கிழமையும் எழுதியிருந்தால் பஞ்சாங்கத்தோடு ஒத்துப்பார்த்துத் தீர்த்துவிடலாம். ஆண்டு சித்திரையில்தான் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது: பிந்திய விஷுவின் தை மாதம் 1942 ஜனவரி–பிப்ரவரி.

கேள்வி: முகப்பில் பெரிய தேக்குத் தூண்கள் நிற்கின்றன. ஆனால் வீட்டுக் கணக்கில் தேக்கு வாங்கிய வரியே இல்லை. எப்படி?
– வாசகி, காரைக்குடி

பதில்: ரங்கூனில் கடை இருந்த குடும்பமென்றால் மரத்துக்கான பணம் அங்கேயே கொடுக்கப்பட்டு, அந்தக் கடைப் பேரேட்டில் முதலாளி பற்றாக ஏறியிருக்கக்கூடும். வீட்டுச் சிட்டைக்கு வருவது மரம் வந்து சேர்ந்த பிறகு ஆகும் செலவு மட்டுமே. ஆகவே 'தேக்கு' என்று தேடாமல் வண்டிக்கூலி, இறக்குக்கூலி, அறுப்புக்கூலி என்று தேடுங்கள். அறுப்புக்கூலி வாரக்கணக்கில் தொடர்ந்தால் வந்தவை முழு மரங்கள். அறுப்பே இல்லாமல் நேராக ஆசாரி கூலி தொடங்கினால், அறுத்த மரமோ செய்து முடித்த தூணோ வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

சுவர்ப் பூச்சுக்கும் இதே வழிதான். முட்டை நூற்றுக்கணக்கில் வாங்கிய வரியைப் பார்த்ததும் விருந்து என்று எழுதிவிடாதீர்கள். முன்பின் வரிகளில் சுண்ணாம்பு, கடுக்காய், கொத்தனார் கூலி இருந்தால் அந்த முட்டை சுவர்ச் சாந்தில் கலக்கப் போனது.

கேள்வி: 'அண்டா 1க்கு வீசை 6 பலம் 20' என்று இருக்கிறது. எங்களிடம் உள்ள அண்டாக்களில் இது எது?
– வாசகர், கண்டனூர்

பதில்: தராசில் வைத்துப் பாருங்கள். சென்னை அளவுப்படி 40 பலம் ஒரு வீசை. வீசை ஏறத்தாழ 1.4 கிலோ. உங்கள் அண்டா ஆறரை வீசை, அதாவது ஏறத்தாழ 9.1 கிலோ வரும். வீசை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் ஒரே பாத்திரத்தை வைத்து முடிவுகட்ட வேண்டாம். நாலைந்து பாத்திரங்களை நிறுத்து, எல்லாம் ஒரே விகிதத்தில் கூடவோ குறையவோ செய்கின்றனவா என்று பாருங்கள். செய்தால் அதுதான் உங்கள் ஊர் வீசை. விளிம்பில் பெயர் வெட்டியிருந்தால் சிட்டையில் எழுத்து வெட்டுக்கூலியையும் தேடுங்கள்.

வாங்கிய வரியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஈயம் பூசிய வரி. சமையலில் புழங்கும் பித்தளைக்குப் பூச்சு தேய்ந்து, திரும்பத் திரும்ப ஈயம் பூச வேண்டிவரும். பட்டியலில் பன்னிரண்டு அண்டா இருந்து, ஆண்டுதோறும் இரண்டுக்கு மட்டும் ஈயக்கூலி கொடுத்திருந்தால், மற்ற பத்தும் பெரும்பாலும் அறையில் அடுக்கியிருந்த சீர்ச் சாமான். எது புழங்கியது, எது அடுக்கில் இருந்தது என்று பாத்திரத்தைப் பார்த்து மட்டும் சொல்வது கடினம்.

கேள்வி: 'படம் கண்ணாடி போட்டது ரூ. 2–8–0' என்பது எங்கள் ரவிவர்மா படத்தின் விலையா?
– வாசகர், புதுக்கோட்டை

பதில்: இல்லை, சட்டமும் கண்ணாடியும் போட்ட செலவு. படத்தாள் தனியாக வாங்கப்பட்டிருக்கும், அல்லது அன்பளிப்பாக வந்திருக்கும். அன்பளிப்பு செலவுக் கணக்கில் ஏறாது. ரவிவர்மா அச்சகம் 1894இல்தான் தொடங்கியது. அதற்கு முந்திய வரி அந்த அச்சகப் படத்தைக் குறிக்க முடியாது. பிந்திய வரியானாலும் சுவரில் உள்ள படத்தோடு உடனே முடிச்சுப் போடாதீர்கள். தாளின் கீழ்விளிம்பில் அச்சகப் பெயர் இருக்கிறதா, சட்டத்தின் பின்புறம் கடைச்சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்காகச் சட்டத்தைப் பிரிக்க வேண்டாம். பழைய தாள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் படம் பிய்ந்து வந்துவிடும்.

கேள்வி: அந்த இரண்டரை ரூபாய் இன்றைக்கு எவ்வளவு?
– அதே வாசகர்

பதில்: இன்றைய ரூபாய்க்கு மாற்றாதீர்கள். அதே மாதச் சிட்டையில் கொத்தனார் நாள்கூலி என்ன, அரிசி என்ன விலை என்று பார்த்து, 'இத்தனை நாள் கூலி' என்று எழுதுங்கள்.