நினைவுப் பரிசு நோட்டுகள் சேகரிக்கத் தகுந்தவையா?

சுற்றுலாத் தலங்களிலும் இணையத்திலும் நினைவுப் பொருளாக விற்கிற, பணத்தாள் போலவே இருக்கும் பூஜ்ஜிய யூரோ, பத்து லட்சம் டாலர், தங்க நோட்டு இதையெல்லாம் வாங்கிச் சேர்க்கலாமா, பின்னால் விலை ஏறுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விலை ஏறும் என்று நினைத்து வாங்குவதாக இருந்தால் வேண்டாம். பிடித்துப்போய் வாங்குவதாக இருந்தால் தாராளமாக வாங்கலாம், ஆனால் பார்த்து வாங்க வேண்டும். நான் பன்னிரண்டு வருடமாகப் பணத்தாள்கள் சேர்க்கிறேன். என் ஆல்பத்தில் இந்த வகைக்கென்றே தனிப் பகுதி உண்டு. யார் அச்சிட்டார்கள், எதற்காக அச்சிட்டார்கள் என்ற இரண்டுக்கும் பதில் தெரிந்தால்தான் இப்போதெல்லாம் கையை நீட்டுகிறேன்.

இந்தப் பழக்கம் ஒரு நஷ்டத்தில் வந்தது. விலைவாசி தறிகெட்டு ஏறிய காலத்தில் ஜிம்பாப்வே அச்சிட்ட 100 டிரில்லியன் டாலர் நோட்டு, ஒன்றுக்குப் பின்னால் 14 பூஜ்ஜியம், கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் '24 காரட் தங்கப் பதிப்பு' என்று ஒருவர் இணையத்தில் விற்றார். சான்றிதழோடு பத்து நோட்டு. ஆசையாக வாங்கிவிட்டேன். வந்ததும் மேஜைமேல் வரிசையாகப் பரப்பினேன். பத்திலும் ஒரே வரிசை எண்! சான்றிதழில் யார் கொடுத்தது என்று ஒரு பெயர்கூட இல்லை. தொட்டால் பிளாஸ்டிக் தாள், மேலே மெல்லிய பூச்சு. சில மாதத்தில் உறைக்குள் ஓரம் உரசிய இடமெல்லாம் பளபளப்பு போய் வெளுத்துவிட்டது. திருப்பி விற்கலாம் என்று கேட்டுப் பார்த்தேன், ஒரு சேகரிப்பாளரும் தொடவில்லை.

அப்புறம் பணம் சேர்த்து அசல் நோட்டையே வாங்கினேன், அதுவும் புழங்கியதாக. 2009 ஜனவரியில் வெளிவந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் பாறைகள் ஒரு பக்கம், விக்டோரியா அருவியும் காட்டெருமையும் மறுபக்கம். நடுவில் யாரோ நாலாக மடித்த தடம். அந்த மடிப்பில் மட்டும் மை லேசாக விட்டிருக்கிறது. 2015-ல் அந்த நாடு பழைய நோட்டுகளைத் திரும்பப் பெற்றபோது இந்தத் தாளுக்குக் கிடைத்தது 40 அமெரிக்க சென்ட். இன்றைக்கு அதைப்போலப் பல மடங்கு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. மடிக்காத நோட்டுக்குத்தான் மவுசு அதிகம், தெரியும். ஆனால் ஒருவர் இதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார் என்ற நினைப்பே எனக்குப் போதும்.

அதற்காக நினைவு நோட்டுகளை ஒதுக்கிவிட மாட்டேன். பூஜ்ஜிய யூரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். ரிஷார் ஃபாய் என்ற பிரெஞ்சுக்காரரின் யோசனை, 2015-ல் பிரான்சில் தொடங்கியது. அசல் யூரோ நோட்டுகளையும் அச்சிட்ட ஒபெர்த்தூர் ஃபிதுசியேர் நிறுவனம்தான் இதையும் அச்சிடுகிறது. அதனால் கையில் எடுத்தவுடனே வித்தியாசம் தெரியும். தாள் சடசடக்கும். எழுத்துமேல் நகத்தை ஓட்டினால் மேடு தட்டுப்படும். வெளிச்சத்தில் பிடித்தால் நீர்க்குறியும் பாதுகாப்பு இழையும் தெரியும். ஹாலோகிராம் உண்டு. புற ஊதா விளக்கைக் காட்டினால் ஊதா நிறத் தாளில் வேறு நிறங்கள் எழும்பி வரும். முதல் தடவை இருட்டறையில் அதைப் பார்த்தபோது பத்து நிமிடம் விளக்கை அணைக்கவே மனம் வரவில்லை. ஒவ்வொரு நோட்டுக்கும் தனி எண்; எந்த ஆண்டு, எத்தனையாவது பதிப்பு என்பதும் முகப்பிலேயே இருக்கிறது. 2018-ல் கார்ல் மார்க்சின் 200-வது பிறந்தநாளுக்கு, அவர் பிறந்த டிரியர் நகரம் அவர் படம் போட்ட பூஜ்ஜிய யூரோவை 3 யூரோவுக்கு விற்றது. முதலில் அச்சிட்ட 5,000 சீக்கிரமே தீர்ந்து, மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று.

'மறுபடி அச்சிட' என்ற இடத்தில்தான் விலைக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கேட்கக் கேட்க அச்சிடலாம் என்றால் விலை எப்படி ஏறும்? வாங்குகிறவர்களும் செலவழிக்கப் போவதில்லை, புத்தம் புதிதாக உறைக்குள் வைத்துவிடுகிறார்கள். நூறு வருடம் முன்பே ஜெர்மனியில் இது நடந்திருக்கிறது. முதல் உலகப் போரில் சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்ததும் நகராட்சிகள் தாங்களே 'நோட்கெல்ட்' என்ற அவசரப் பணம் அச்சிட்டன. மக்கள் அதைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். உடனே பல ஊர்கள், 1920 முதல் 1922 வரை, சேகரிப்பாளர்களுக்காகவே ஊர்க்கதை, பழமொழி, கேலிச்சித்திரம் எல்லாம் போட்டு வண்ண வண்ணமாக வரிசை வெளியிட்டன. ஹாமெல்ன் ஊரில் எலி பிடிப்பவன் கதை, பீலெஃபெல்ட் நகரில் பட்டுத் துணியிலும் லினன் துணியிலும் நோட்டு. பார்க்க அவ்வளவு அழகு! ஆனாலும் சாதாரண வரிசைகள் இன்றைக்கும் மலிவாகத்தான் கிடைக்கின்றன, ஏனென்றால் எல்லோரும் பத்திரமாக வைத்திருந்தார்கள். பட்டு நோட்டு மாதிரி அரியவைக்குத்தான் நல்ல விலை. என்னிடம் ஆறு நோட்கெல்ட் இருக்கின்றன. என் ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது.

டிஸ்னி டாலர் இன்னொரு ரகம். 1987 முதல் 2016 வரை டிஸ்னி பூங்காக்கள் வெளியிட்டன. வரிசை எண் உண்டு, பூங்காவுக்குள் உண்மையிலேயே பொருள் வாங்கலாம். பலர் செலவழித்துத் தீர்த்தார்கள், வெளியீடும் நின்றுவிட்டது. அதனால் இப்போது முகமதிப்புக்கு மேல் கொடுத்து வாங்குகிறார்கள்.

பத்து லட்சம் டாலர் நோட்டெல்லாம் வெறும் வேடிக்கைக்கு. அப்படி ஒரு மதிப்பில் அமெரிக்கா நோட்டே வெளியிட்டதில்லை. 2004-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஒருவர் இதைக் கடையில் நீட்டி மிச்சம் கேட்டுக் கைதானார். குழந்தைகளுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் இது செல்லாது என்று சொல்லிக் கொடுங்கள்.

விற்பனைக்கே வராத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2007-ல் 'ஐந்தாவது தூண்' என்ற அமைப்பு பூஜ்ஜிய ரூபாய் நோட்டை அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தது. லஞ்சம் கேட்கிறவர் கையில் கொடுப்பதற்காக! லஞ்சம் வாங்கவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன் என்ற உறுதிமொழி அதிலேயே இருக்கும். சந்தையில் அதற்கு என்ன மதிப்போ, நான் பார்த்ததில்லை, பார்க்கவும் போவதில்லை. என் ஆல்பத்தின் நினைவு நோட்டுப் பகுதியில் முதல் பக்கம் அதற்குத்தான்.

சரி, தொடங்குவதாக இருந்தால் நீங்கள் நேரில் போன இடத்தின் நோட்டில் தொடங்குங்கள். போன தேதி, கூட வந்தவர்கள் பெயர் எல்லாம் ஒரு துண்டுத் தாளில் எழுதி நோட்டுக்குப் பின்னால் செருகிவையுங்கள். நோட்டின்மேல் எழுத வேண்டாம், லேமினேட் செய்யவே வேண்டாம். பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்த உறை நாளாவட்டத்தில் பிசுபிசுத்துத் தாளைக் கெடுக்கும். பாலியெஸ்டர் உறையாகக் கேட்டு வாங்குங்கள்.