பெட்டியில் வரும் சாப்பாடும் கர்ப்பகால எடையும்

கேள்வி: நான் 20 வாரக் கர்ப்பிணி. என் உயரம் 160 செ.மீ.; கருவுறுவதற்கு முன் 70 கிலோ இருந்தேன், இப்போது 76 கிலோ. வேலைக்குச் செல்வதால் மதியமும் இரவும் ஒரு நிறுவனம் சமைத்துப் பெட்டியில் அனுப்பும் உணவைத்தான் சாப்பிடுகிறேன். எடை சற்று வேகமாக ஏறுவதாக மருத்துவர் சொல்கிறார். வீட்டிலோ இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிடு என்கிறார்கள். அந்த நிறுவனத்திலேயே நாளுக்கு 1200 கலோரி தரும் எடைக்குறைப்புத் திட்டம் ஒன்று உள்ளது. அதற்கு மாறிக்கொள்ளலாமா?

பதில்: மாற வேண்டாம். உடலில் சேர்ந்த கொழுப்பைக் கரைக்க நினைப்பவர்களுக்காக வகுத்த திட்டம் அது. கருவின் வளர்ச்சிக்கு வேண்டிய புரதம், இரும்பு, கால்சியம் ஆகியவற்றை அவ்வளவு குறைந்த உணவுக்குள் அடக்குவது கடினம். இப்போது நீங்கள் செய்ய வேண்டியது எடையைக் குறைப்பது அன்று, அது ஏறும் வேகத்தைத் தணிப்பது.

கருவுறுவதற்கு முன்பிருந்த பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியீட்டைக் கொண்டுதான் எவ்வளவு எடை கூடலாம் என்று கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்னும் மருத்துவ நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குறியீடு 18.5-க்குக் கீழே இருந்தவர்கள் 12.5 முதல் 18 கிலோ வரையிலும், 18.5 முதல் 24.9 வரை இருந்தவர்கள் 11.5 முதல் 16 கிலோ வரையிலும், 25 முதல் 29.9 வரை இருந்தவர்கள் 7 முதல் 11.5 கிலோ வரையிலும், 30-ஐத் தாண்டியவர்கள் 5 முதல் 9 கிலோ வரையிலும் கூடலாம். உங்கள் குறியீடு ஏறத்தாழ 27. ஆகவே 7 முதல் 11.5 கிலோ என்பதே உங்களுக்குரிய வரம்பு. அதில் 6 கிலோ ஏற்கெனவே ஏறிவிட்டது என்பது உண்மைதான். ஆனால், இனி வாரத்துக்குக் கால் கிலோ வீதம் ஏறினால், மீதமுள்ள 20 வாரங்களில் 5 கிலோ கூடி, மொத்தம் 11 கிலோவில் நிற்கும். பட்டினி கிடக்காமலேயே வரம்புக்குள் இருக்க இன்னும் இடம் இருக்கிறது.

இரண்டு பேருக்கான சாப்பாடு என்பதற்கு வருவோம். முதல் மூன்று மாதங்களில் கூடுதல் கலோரி பெரும்பாலும் தேவையே இல்லை. இரண்டாம் மூன்று மாதங்களில் நாளுக்குச் சுமார் 340 கலோரியும், கடைசி மூன்று மாதங்களில் சுமார் 450 கலோரியும் கூடுதலாக வேண்டும் என்பது பொதுவான கணக்கு. உங்களைப் போல் சற்று அதிக எடையோடு கருவுற்றவர்களுக்கு அதைவிடக் குறைவாகவும் போதும். ஒரு முட்டை, ஒரு கோப்பைப் பால், ஒரு பழம், ஒரு பிடி கடலை ஆகியவை சேர்ந்தாலே இரண்டாம் பருவத்துக்கான கூடுதல் கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது.

பெட்டி உணவை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டுச் சமையலில் கிடைக்காத ஒரு வசதி அதில் இருக்கிறது: எவ்வளவு சாப்பிட்டோம் என்பது எழுத்திலேயே தெரியும். ஆனால், அந்த எழுத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். அச்சிட்ட கலோரி முழுப் பெட்டிக்கா, அல்லது ஒரு பரிமாறலுக்கு மட்டுமா என்று முதலில் பாருங்கள். ஒரு பெட்டியையே இரண்டு பரிமாறலாகக் கணக்கிட்டிருந்தால் நீங்கள் சாப்பிடுவது அச்சிட்டதைப் போல் இரு மடங்கு. கூடவே வரும் குழம்புப் பொட்டலமும் இனிப்பும் அக்கணக்கில் சேர்ந்தவையா என்றும் கேளுங்கள். அடுத்து சோடியம். நாளுக்கு 2 கிராம் சோடியத்துக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள், இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தயாரித்த உணவுகளில் ஒரு வேளையிலேயே அதில் பாதி போய்விடக்கூடும். எடை குறையவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம் என்பவர்களுக்கான சாதாரணத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, தானியத்தின் அளவைச் சற்றுக் குறைத்து, பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதத்தையும் காய்கறியையும் கூட்டித் தரும்படி கேட்பதே உங்களுக்கு ஏற்றது.

நீங்கள் எழுதாமல் விட்டது காலை உணவும் இடைவேளைகளும். அந்த 6 கிலோவுக்குக் காரணத்தை நான் அங்குதான் முதலில் தேடுவேன். பழச்சாறு, பிஸ்கட், சர்க்கரை போட்ட தேநீர் ஆகியவற்றுக்கு எந்தப் பெட்டியிலும் கணக்கு இல்லை. வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலையில் சாப்பிடும் முன் எடை பாருங்கள். திடீரென்று எடை ஏறி, முகமும் கைகளும் வீங்கி, தலைவலியோ பார்வை மங்கலோ இருந்தால், அது சாப்பாட்டால் வந்ததாக இராது. இரத்த அழுத்தத்தைப் பார்க்க அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். 24 முதல் 28 வாரங்களுக்குள் செய்யப்படும் சர்க்கரைப் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள்.

கேள்வி: இப்படி வரும் உணவைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து அடுத்த நாள் சாப்பிடலாமா?

பதில்: 5 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத குளிரில் வைத்திருந்தால் சாப்பிடலாம். ஆனால், அங்கிருந்து எடுத்து அப்படியே சாப்பிடக் கூடாது. லிஸ்டீரியா என்னும் நுண்ணுயிரி அந்தக் குளிரிலும் பெருகக்கூடியது. தாய்க்கு லேசான காய்ச்சலோடு போய்விடும் தொற்று கருவைக் கலைத்துவிடவும் கூடும். உணவின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டி ஆவி பறக்கும் வரை சூடாக்குங்கள். மைக்ரோவேவில் ஓரம் கொதித்தாலும் நடுவே சில்லென்று இருக்கும் என்பதால் பாதியில் எடுத்துக் கிளறிவிடுங்கள். குளிரூட்டி விற்கப்படும் இறைச்சித் துண்டுகள், புகையூட்டிய மீன், காய்ச்சாத பாலில் செய்த மென்மையான சீஸ் ஆகியவை இருக்கும் பெட்டிகளை, சூடாக்கிச் சாப்பிட முடியாதவை என்றால், வாங்காமலே விடுங்கள்.

கேள்வி: மூன்றாம் மாதம். குமட்டலால் பெட்டியில் பாதியைக்கூடச் சாப்பிட முடியவில்லை. 1 கிலோ குறைந்துவிட்டேன். பயப்பட வேண்டுமா?

பதில்: இப்பருவத்தில் இது பலருக்கும் நேர்வதுதான். ஒரு பெட்டியை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, மீதியை உடனே குளிரில் வைத்துச் சாப்பிடுங்கள். சூடான உணவின் வாசனையே குமட்டினால் நன்றாகச் சூடாக்கியபின் சற்று ஆறவிடுங்கள். தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல், சிறுநீர் குறைந்து அடர் நிறமாகப் போனால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.