பத்து வார சில்க்கி கோழிக்குஞ்சோட றெக்கையில கேப் தெரியுது, கோழி ஷோவுக்கு ஆகாதுன்னு இப்பவே முடிவு பண்ணலாமா?

தம்பி கேட்டிருக்கிறது இதுதான்: வெள்ளை சில்க்கி (முடி மாதிரி இறகு உள்ள அழகுக் கோழி), பத்து வாரம், றெக்கைய விரிச்சா நடுவுல ஒரு விரல் அகலத்துக்கு காலியா இருக்கு, கோழி விக்கிறவர் ஒருத்தர் பாத்துட்டு “இது ஸ்ப்ளிட் விங், ஷோவுக்கும் ஆகாது வளக்கவும் ஆகாது, தள்ளி விட்டுரு”ன்னு சொல்லிட்டார்.

தள்ளாதீங்க தம்பி, இப்ப தள்ளாதீங்க. நான் மலேசியாவுல, சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தை (இப்ப பெஸ்தாரி ஜெயா) பக்கம், சுத்தி செம்பனை, பழைய லயத்து வீட்டுக்குப் பின்னாடி கூண்டு கட்டி ரொம்ப வருஷமா சில்க்கி வளக்கிறேன், இந்த எட்டு வாரத்துல இருந்து பதினாறு வாரம் வரைக்கும் உள்ள குஞ்சுகள இந்த ஒரே காரணத்துக்காக வித்துத் தொலைக்கிறத பாத்துப் பாத்து மனசு கேக்காமத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

முதல்ல றெக்கை எப்படி அமைஞ்சிருக்குன்னு தெரிஞ்சுக்கணும். குஞ்ச இடது கையில அணைச்சுப் புடிச்சுக்கிட்டு வலது கையால றெக்கைய மெதுவா வெளிப்பக்கமா விரிங்க, வெளிச்சத்துக்கு எதிர்ல புடிங்க. நுனிப் பக்கம் இருந்து உள்ள எண்ணிக்கிட்டே வந்தா பத்து பெரிய இறகு இருக்கும், அதுதான் ப்ரைமரி. அடுத்து ஒரே ஒரு குட்டையான இறகு, அதுக்குப் பேர் ஆக்ஸியல். அதுக்கு உள்பக்கம் உடம்ப ஒட்டி வர்ற வரிசை செகண்டரி. கோழி நிக்கும்போது றெக்கை விசிறி மடக்குற மாதிரி மடங்கும், ப்ரைமரி எல்லாம் செகண்டரிக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கணும். ஸ்ப்ளிட் விங்னு சொல்றது அந்த ஆக்ஸியல் இருக்க வேண்டிய எடத்துல இறகே இல்லாம V மாதிரி ஒரு பிளவு விழுறது. சில கோழிக்கு ஒரு றெக்கையில மட்டும் இருக்கும், சிலதுக்கு ரெண்டுலயும்.

இப்ப பிரச்சனை எங்க வருதுன்னா, குஞ்சு முதல் தடவ இறகு மாத்தும்போது ப்ரைமரி நுனியில இருந்து கொட்டாது, ஆக்ஸியலுக்குப் பக்கத்துல இருக்கிற முதல் இறகுதான் முதல்ல விழும், அப்பறம் ஒண்ணொண்ணா வெளிப்பக்கமா போகும். இது ஏறக்குறைய ரெண்டு மாசத்துல ஆரம்பிச்சு அஞ்சு மாசம் வரைக்கும் இழுக்கும், கடைசி ரெண்டு நுனி இறகு மட்டும் பெரும்பாலும் அடுத்த இறகு மாத்துற வரைக்கும் பழசாவே நிக்கும். அப்ப பத்து வாரத்துல கேப் எங்க தெரியும்? சரியா ஸ்ப்ளிட் விங் தெரியுற அதே எடத்துல! அதனாலதான் நல்ல அனுபவம் உள்ளவங்க கூட தப்பாச் சொல்லிடுறாங்க.

அப்போ ரெண்டையும் எப்படிப் பிரிக்கிறது? இறகு நுனியப் பாக்காதீங்க, அடியப் பாருங்க. இத மட்டும் புடிச்சுக்கிட்டா பாதி குழப்பம் தீந்துரும். காலியா தெரியுற எடத்துல லேசா ஊதுங்க, இல்ல விரல தண்ணில நனைச்சு பஞ்சு மாதிரி இருக்கிற குட்டி இறகெல்லாம் ஒதுக்கி விடுங்க. தோல்ல இருந்து கருநீலமா, மெழுகு பூசுன உறைக்குள்ள சுருட்டி வச்ச ஒரு குருத்து எட்டிப் பாக்குதுன்னா அது புது இறகு முளைக்குது, உள்ள ரத்தம் ஓடிக்கிட்டு இருக்கு, அழுத்தாதீங்க, ஒடிஞ்சா ரத்தம் நல்லா வரும், மத்த குஞ்சுங்க அத பாத்துட்டு கொத்த ஆரம்பிச்சுரும். குருத்து இருந்தா அந்தக் குஞ்சுக்கு இப்ப ஒரு குறையும் சொல்ல முடியாது. குருத்து இல்ல, தோல் மொழுக்குன்னு இருக்குன்னா சந்தேகத்துல வைங்க, ரெண்டு வாரம் கழிச்சு திருப்பிப் பாருங்க. இன்னொண்ணு, அடியில ஒடிஞ்ச காம்பு நிக்குதான்னும் தடவிப் பாருங்க, கம்பிக் கூண்டுல அடைச்சு வச்ச குஞ்சுக்கு இறகு உரசி ஒடியும், அதுவும் தூரத்துல பாத்தா ஓட்டை மாதிரிதான் தெரியும்.

சில்க்கிக்குன்னு ஒரு தனிச் சிக்கலும் இருக்கு. மத்த கோழி இறகுல சின்னச் சின்ன கொக்கி ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கிட்டு தகடு மாதிரி நிக்கும், சில்க்கிக்கு அந்தக் கொக்கி சரியா இல்லாததாலதான் உடம்பு முழுக்க முடி மாதிரி இருக்கு. றெக்கை இறகும் நுனியில கிழிஞ்சு கிழிஞ்சு தொங்கும். கோழி இனங்களுக்கான பிரிட்டிஷ் தரநூலே தோள்பட்டை மெத்துன்னு இருக்கணும், பறக்கும் இறகோட நுனி நாரு நாரா கீழ தொங்கணும்னுதான் கேக்குது. அதனால நுனியில வெளிச்சம் தெரியுதுங்கிறது குறையே இல்ல, அதுதான் சில்க்கியோட அழகு. குறை எதுன்னா அதுக்கு நேர் எதிர், இறகு முழு நீளத்துக்கும் ஆயாம் கம்போங் (நாட்டுக் கோழி) இறகு மாதிரி விறைப்பா தகடா வர்றது. அப்படி விறைப்பு இறகு வர்ற குஞ்ச நான் றெக்கை கேப்ப விட சீக்கிரமா ஒதுக்கி வச்சுருவேன், ஏன்னா சில்க்கியோட உயிரே இறகுதான்.

அடுத்தது ஸ்லிப்ட் விங். இத கையில புடிச்சுப் பாத்தா தெரியவே தெரியாது, குஞ்ச தரையில விட்டு அது மறந்து மேஞ்சுக்கிட்டு இருக்கும்போது பின்னாடி நின்னு பாக்கணும். ப்ரைமரி உள்ள போகாம செகண்டரிக்கு வெளிய கத்தி மாதிரி நீட்டிக்கிட்டோ தொங்கிக்கிட்டோ இருந்தா அதுதான். ஆனா ரத்தக் குருத்து நெறைய இருக்கிற வயசுல றெக்கை கொஞ்சம் கனமாத் தொங்கி அப்பறம் தானா ஏறிக்கிறதும் உண்டு, இதுக்கும் பொறுமை வேணும். வாத்துக் குஞ்சுக்குப் பண்ற மாதிரி டேப் சுத்தி ஏத்தலாமான்னு கேப்பாங்க. ஏத்துனா ஏறலாம், ஆனா அப்படி ஏத்துன கோழிய ஜோடி சேக்காதீங்க, டேப் போட்டு பரம்பரைய மாத்த முடியாது.

நம்ம ஊர்ல ஒரு விஷயத்துல கவனமா இருக்கணும். இங்க கோழி ஷோன்னாலே முக்கால்வாசி பேருக்கு செராமாதான் கண்ணு முன்னாடி வரும், கிளந்தான்ல உருவான கோழி, நம்ம நாட்டுப் பெருமை, அதுல சந்தேகமே இல்ல. ஆனா செராமாவுக்கு றெக்கை செங்குத்தா கீழ இறங்கி கிட்டத்தட்ட தரைய தொடணும், அதுதான் மார்க். சில்க்கிக்கு றெக்கை உடம்போட ஒட்டி, நுனி முதுகு முடிக்குள்ள மறைஞ்சு நிக்கணும். செராமா பாத்துப் பழகுன கண்ணு தொங்குற றெக்கைய அழகுன்னு சொல்லும், நல்லா மடங்குன றெக்கைய ஒண்ணும் இல்லன்னு சொல்லும். உங்க குஞ்ச யார்கிட்ட காட்டுறீங்கன்னு பாத்துக் காட்டுங்க.

நேரமும் முக்கியம். மத்தியானம் ரெண்டு மணிக்கு நம்ம வெயில்ல எந்தக் கோழியும் றெக்கைய உடம்புல இருந்து தள்ளி வச்சுக்கிட்டு வாயத் தொறந்து மூச்சு வாங்கும், அப்ப பாத்து தொங்கு றெக்கைன்னு எழுதக் கூடாது. காலைல ஏழு எட்டு மணிக்குப் பாருங்க. காலைலயும் தொங்குது, குஞ்சு முடிய சிலுப்பிக்கிட்டு ஒரு மூலையில நிக்குது, எச்சத்துல ரத்தம் கலந்திருக்குன்னா அது ஷோ விஷயம் இல்ல, காக்சியா (குடல்ல வர்ற ஒட்டுண்ணி நோய்) இருக்கலாம், அன்னைக்கே மருந்துக்கு ஓடுங்க. ஒரு பக்க றெக்கை மட்டும் தொங்கி ஒரு காலும் இழுக்குதுன்னா மாரெக்ஸ் (நரம்பத் தாக்குற வைரஸ் நோய்) சந்தேகம், சில்க்கிக்கு அது சுலபமா வர்ற வியாதி, உடனே தனியா வச்சு கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க.

சரி, உண்மையிலேயே ஸ்ப்ளிட் விங்தான்னு ஆயிட்டா? ஆறு மாசம் தாண்டி இறகெல்லாம் வளந்து முடிஞ்சும் அந்த எடம் காலியாவே இருந்தா அது ஸ்ப்ளிட் விங்தான், நல்ல ஜட்ஜ் றெக்கைய விரிச்ச உடனே கண்டுபுடிச்சுருவாரு, பரிசு கெடைக்காது. கொண்டை உருண்டையா, அஞ்சு விரலும் சுத்தமா, காது நீலமா இருந்தாலும் சரி, அத வச்சு குஞ்சு எடுக்காதீங்க. இது ரத்தத்துல வர்ற குறை, தாய் தகப்பன் ரெண்டு றெக்கையும் சுத்தமா இருந்தும் குஞ்சுல வெளிப்படும். அதனால அதோட கூடப் பொறந்ததுங்களையும், தாய் தகப்பனையும் ஒரு தடவ நல்லா விரிச்சுப் பாத்துருங்க. ஒரே ஜோடில திரும்பத் திரும்ப வந்தா அந்த ஜோடியப் பிரிச்சுருங்க, எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) குடுத்து வாங்கியிருந்தாலும்.

உங்க குஞ்சுக்கு இப்ப செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காலுக்கு ஒரு கலர் வளையம் போடுங்க, ரெண்டு றெக்கையும் விரிச்சு ஃபோட்டோ எடுங்க, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அதே வெளிச்சத்துல அதே மாதிரி எடுங்க, தேதியோட வைங்க. மரத்தூள் போட்ட அகலமான எடத்துல விடுங்க, கம்பிக் கூண்டு வேணாம். கடைசியில ஸ்ப்ளிட் விங்னே முடிவானாலும் அது வெடக்கோழியா இருந்தா விக்க வேண்டிய அவசியம் இல்ல, சில்க்கி மாதிரி அடை உக்காரக் கூடிய கோழி கெடைக்கிறது கஷ்டம், அதோட முட்டைய எடுத்துட்டு நல்ல ஜோடியோட முட்டைய அடியில வைங்க, ஷோவுக்குப் போற குஞ்சுங்கள அதுவே பொரிச்சு வளத்துக் குடுக்கும்.