பிரஷர் ஏறும் கர்ப்பம்: மும்பைத் தமிழ்ப் பெண்களின் கேள்விகளும் டாக்டர் பதில்களும்

தாராவியிலிருந்து: முதல் பிரசவத்துல பிரஷர் ஏறி 33 வாரத்துலயே பிள்ளையை எடுத்துட்டாங்க டாக்டர். இப்ப 10 வாரம். திரும்பவும் வருமா?

வரலாம். ஆனா சரியான நேரத்துல கேட்டிருக்கீங்கம்மா. 12 வாரம் ஆனதும் ஆஸ்பிரின் ஆரம்பிக்கணுமான்னு இப்பவே உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. 16 வாரத்துக்கு முன்னாடி தொடங்கணும். நஞ்சுக்கொடி கருப்பைக்குள்ள ஊன்றி, ரத்தக்குழாய்கள் விரிகிற காலம் அதுதான். 2017-ல் வந்த 'ஆஸ்ப்ரே' ஆய்வில் தினம் ராத்திரி 150 மி.கி. வீதம் 36 வாரம் வரை சாப்பிட்டவங்களுக்கு, 37 வாரத்துக்கு முன்னாடியே வர்ற பிரீ-எக்லாம்சியா (கர்ப்பத்துல பிரஷர் ஏறுற இந்த நோய்) 62 சதவீதம் குறைஞ்சது. வயித்துப்புண், ஆஸ்பிரின் அலர்ஜி இருந்தா முதல்லயே சொல்லிடுங்க.

செம்பூரிலிருந்து ஒரு மாமியார்: மருமகளுக்கு எழுதின ஆஸ்பிரினை மெடிக்கல்காரர் ஹார்ட் மாத்திரைங்கிறார். நிறுத்தச் சொல்லவா?

வேண்டாம்மா, தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க. ஹார்ட்டுக்குக் கொடுக்கிற அதே மாத்திரைதான், ஆனா இங்க வேலை வேற. இதே பேச்சைக் கேட்டு நிறுத்திட்ட ஒரு பொண்ணு 28 வாரத்துல முகம் வீங்கி என்கிட்ட வந்தா. பையிலிருந்து எடுத்த அட்டையில மூணே மாத்திரைதான் பிதுக்கியிருந்தது. அந்த அட்டை இன்னும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கு.

மாட்டுங்காவிலிருந்து: 36 வயசு, முதல் கர்ப்பம், ஐவிஎஃப். பிரஷர் நார்மல்தான். எனக்கும் ஆஸ்பிரின் தேவையா?

பெரும்பாலும் தேவைப்படும். நீங்க சொன்ன மூணுமே ஆபத்தைக் கொஞ்சம் கொஞ்சம் கூட்டுற விஷயங்கள். உடல் பருமன், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இது வந்திருக்கிறது, இதெல்லாமும் அந்தக் கணக்குல சேரும். முன்னாடியே பிரஷர், சர்க்கரை, கிட்னிக் கோளாறு, லூபஸ் (உடம்போட எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குற நோய்) இருந்தா, ஆஸ்பிரின் தொடங்க அதுல ஒண்ணே போதும்.

உப்பைக் குறைச்சா தடுக்கலாமா?

முடியாது. படுத்தே கிடக்கிறதும் தடுக்காது. பால், தயிர் அதிகம் சேர்க்காதவங்களுக்குக் கால்சியம் உதவும். அரசு மையங்கள்ல 14 வாரத்திலிருந்து தினம் ரெண்டு வேளை 500 மி.கி. தர்றாங்க. இரும்புச்சத்து மாத்திரையோட சேர்த்துப் போடாதீங்க.

சயானிலிருந்து: வளைகாப்பு முடிஞ்சு திருநெல்வேலிக்கு அம்மா வீட்டுக்குப் போறேன். அங்க போய்ப் பார்த்துக்கலாமா?

எனக்குப் பயமே இந்த இடைவெளிதாம்மா. பிரஷர் ஏறுறது பெரும்பாலும் ஏழாம் மாசத்துக்கு மேலதான். அந்த நேரம் பார்த்து இங்க ஃபைல் மூடிடுது, ஊர்ல புதுசா எழுத மூணு வாரம் ஆகிடுது. போறதுக்கு முன்னாடியே அங்க டாக்டரை முடிவு பண்ணி, செக்கப் தேதியும் வாங்கிடுங்க. ஃபைலும் மாத்திரையும் கைப்பையில இருக்கட்டும், ரயில்ல சீட்டுக்கு அடியில தள்ளுற பெட்டியில வேண்டாம்.

வீட்டு மெஷின்ல பார்க்கிறதா இருந்தா அஞ்சு நிமிஷம் சாய்ஞ்சு உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்துல வெச்சுப் பாருங்க. 140/90 தொட்டா அன்னைக்கே டாக்டர். 160/110 வந்தா உடனே ஆஸ்பத்திரி. விடாத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழ வலி, திடீர்னு முகவீக்கம் இருந்தா மெஷின் என்ன காட்டினாலும் கிளம்பிடுங்க. பிள்ளை பிறந்த பிறகும் ஆறு வாரம் வரைக்கும் இப்படித்தான்.