போஸ்ட்கார்டுல ரப்பர் பால் வெட்டுறவங்க யாரு? வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வி எல்லாமே பழைய போஸ்ட்கார்டு பத்தினதுதான். நான் சுங்கை சிப்புட்டுல இருந்து எழுதுறேன், அதனால சொல்ற உதாரணமெல்லாம் பேராக் பக்கமாவே இருக்கும், மத்த ஊர்க்காரங்க கோவிச்சுக்காதீங்க, உங்க ஊருக்கும் இதே வழிதான்.

சுங்கை சிப்புட் வாசகி: அண்ணே, தாத்தா தவறினப்புறம் அவரோட பிஸ்கட் டின்ல கொஞ்சம் போஸ்ட்கார்டு கெடச்சுது. கோலாலம்பூர் ரயில் ஸ்டேஷன், பினாங்கு ஹில் ரயில், இன்னும் சிலது. தேதி எதுவும் இல்ல. எந்தக் காலத்துதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தங்கச்சி, மொதல்ல படத்த விட்டுட்டு கார்டத் திருப்பி பின்பக்கத்தப் பாருங்க. நடுவுல ஒரு கோடு இருக்கா? இடது பக்கம் சேதி, வலது பக்கம் விலாசம்னு பிரிச்சு எழுதறதுக்கு பிரிட்டன்ல 1902லதான் அனுமதி குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி பின்பக்கம் முழுக்க விலாசத்துக்கு மட்டும்தான், சேதி எழுதணும்னா படத்துக்கு ஓரமா இருக்கற வெள்ளை எடத்துல நுணுக்கி நுணுக்கி எழுதுவாங்க. அப்படிக் கோடு இல்லாத கார்டு உங்க டின்ல இருந்தா ரொம்பப் பழசா இருக்க வாய்ப்பு உண்டு, தனியா எடுத்து வைங்க. ஓரத்துல பொடி எழுத்துல ஜெர்மனியில அச்சடிச்சதுன்னு போட்டிருந்தா அது பெரும்பாலும் 1914 யுத்தத்துக்கு முந்தினது. ஸ்டாம்புல பாயுற புலி இருந்தா அது பிரிட்டிஷ்காரன் காலத்துக் கூட்டு மலாய் மாநிலங்களோட ஸ்டாம்பு. ஸ்டாம்பு மேல 2602ன்னு குத்தியிருந்தா பயந்துடாதீங்க, அது ஜப்பான்காரன் காலண்டர், நம்ம கணக்குல 1942.

அப்புறமா படத்துக்கு வாங்க. கோலாலம்பூர் ஸ்டேஷன் 1910ல திறந்தது, அந்த வெள்ளை கோபுரமெல்லாம் தெரிஞ்சா அதுக்கு முந்தின கார்டா இருக்கவே முடியாது. பினாங்கு ஹில் ரயில் 1923ல ஓட ஆரம்பிச்சது, மொதல்ல ஓடினது மரப்பெட்டி, 1977 வரைக்கும் அதுதான், அதுக்கப்புறம்தான் நம்ம வயசுக்காரங்க ஏறின செவப்புப் பெட்டி வந்துச்சு. மரப்பெட்டின்னு மட்டும் தெரிஞ்சா அம்பது வருஷத்துக்கு மேல இடைவெளி இருக்கே, அப்ப காரு, தந்திக் கம்பம், ஆளுங்க போட்டிருக்க சட்டைன்னு ஒண்ணொண்ணாப் பாத்துதான் சுருக்கணும்.

ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க: படம் புடிச்ச வருஷம் வேற, அச்சடிச்ச வருஷம் வேற, தபால்ல போட்ட வருஷம் வேற. கடைக்காரங்க ஒரே படத்த வருஷக்கணக்கா வித்திருக்காங்க. தபால் முத்திரைல 1925ன்னு இருந்தா படம் 1925க்குப் பிந்தினது இல்லன்னு சொல்லலாம், அவ்வளவுதான்.

தைப்பிங் வாசகர்: கார்டுல இருக்கற ஸ்டாம்ப மட்டும் தண்ணில ஊறவச்சு எடுத்துடலாமா? தம்பி ஸ்டாம்பு சேக்குறான்.

வேணவே வேணாம். கார்டும் ஸ்டாம்பும் முத்திரையும் சேந்து இருந்தாத்தான் அந்தக் கார்டு எங்க இருந்து எப்ப போச்சுன்னு தெரியும். சின்ன ஊரு தபாலாபீஸ் முத்திரைக்குன்னே தேடி அலையுறவங்க இருக்காங்க. தம்பிக்கு வேற ஸ்டாம்பு வாங்கிக் குடுங்க.

தெலுக் இந்தான் வாசகர்: எங்க ஊரு சாஞ்ச மணிக்கூண்டு கார்டு ஒண்ணு இருக்கு, தெலுக் ஆன்சன்னு போட்டிருக்கு. பத்துமலை கார்டும் ரெண்டு வச்சிருக்கேன். நல்ல வெல போகுமா அண்ணே?

மணிக்கூண்டு 1885ல கட்டுனது, ஊருப் பேரு 1982லதான் தெலுக் இந்தான்னு மாறுச்சு, அதனால தெலுக் ஆன்சன்னு இருக்கறதால மட்டும் நூறு வருஷப் பழசுன்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க, 1970கள்ல வந்த கலர் கார்டாக் கூட இருக்கும். கார்டு சைஸப் பாருங்க, பழசு சுமார் 9க்கு 14 சென்டிமீட்டர், பின்னாடி வந்ததுங்க கொஞ்சம் பெருசு.

பத்துமலை கார்டுல படிக்கட்டத்தான் பாக்கணும். 1920ல மரப்படி போட்டாங்க, 272 படி கான்கிரீட்ல வந்தது 1940 வாக்குல, முருகன் சிலை 2006, படிக்கு கலர் அடிச்சது 2018. இந்த நாலும் மனசுல இருந்தா எந்தப் பத்துமலை கார்டையும் பாத்தவுடனே ஒரு கணக்குப் போட்டுடலாம்.

வெலைய நான் சொல்றது சரியா வராது. முனை மடங்கியிருக்கா, கறை இருக்கா, அந்த எடத்துக்கு எத்தன கார்டு அடிச்சாங்க, இதெல்லாம் சேந்துதான் வெல. கோலாலம்பூர் ஸ்டேஷன் மாதிரி பேர் போன எடத்துக்கு ஏகப்பட்ட கார்டு அடிச்சிருக்காங்க, சுலபமாக் கெடைக்கும். சின்ன ஊருக் கடைத்தெரு, தோட்டம், பாலம் இதெல்லாம்தான் ஆளுங்க அடிச்சுக்கிட்டு வாங்குவாங்க. எங்க பக்கத்துல கராய்கிட்ட பேராக் ஆத்து மேல விக்டோரியா பாலம் இருக்கு, 1900ல திறந்த ரயில் பாலம், அதோட பழைய கார்டு ஒண்ணு கைக்கு வந்தா நான் பத்து ஸ்டேஷன் கார்டக் குடுத்துட்டு வாங்கிக்குவேன். கோல கங்சார் உபுடியா மசூதி கார்டும் அப்படித்தான், 1917ல கட்டி முடிச்சது, இத்தாலிப் பளிங்குக் கல்லு வந்து எறங்கியிருந்தப்ப சண்ட போட்ட யானைங்க மிதிச்சு ஒடச்சிடுச்சாம், அந்தக் கதைய தெரிஞ்சுக்கிட்டுக் கார்டப் பாத்தா அதோட ருசியே வேற.

தோட்டத்துல பொறந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை, கோல கங்சார்: தம்பி, பொம்பளைங்க ரெண்டு பேரு பால்மரத்துகிட்ட நிக்கிற கார்டு ஒண்ணு கெடச்சுது. கீழ ரப்பர் வெட்டும் தமிழர்கள்னு இங்கிலீஷ்ல ஒரு வரி, அவ்வளவுதான். ஊரும் இல்ல, தோட்டமும் இல்ல. இதச் சேத்து என்ன பிரயோஜனம்னு மகன் கேக்குறான்.

டீச்சர், இந்தக் கேள்விக்குத்தான் நான் ரொம்ப நாளாக் காத்துக்கிட்டு இருந்தேன். மகன்கிட்ட சொல்லுங்க, மணிக்கூண்டையும் ஸ்டேஷனையும் சேக்க உலகம் பூரா ஆள் இருக்கு, இந்தக் கார்ட நாம சேக்கலன்னா வேற யாரும் இதுல நிக்கிறவங்க யாருன்னு கேக்கப் போறதில்ல. மசூதி கார்டுல மசூதி பேரு இருக்கு, ஆபீஸ் கார்டுல ஆபீஸ் பேரு இருக்கு, நம்ம பாட்டிங்க நின்ன கார்டுல மட்டும் பேரு இல்ல. அத முழுசாத் திருப்பிக் கொண்டு வர முடியாதுதான், ஆனா நாம நெனைக்கறத விட நெறைய கண்டுபிடிக்கலாம்.

ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்குங்க. மொதல்ல மரத்தப் பாருங்க. வெட்டு ரெண்டு பக்கமும் சாஞ்சு நடுக்கோட்டுல வந்து சேருதா, மீன்முள்ளு மாதிரி? அப்படின்னா அது ஆரம்ப கால வெட்டு. பிறகுதான் மரத்தோட பாதிச் சுத்துக்கு ஒரே சாய்வு வெட்டா மாறுச்சு, நீங்களும் சின்ன வயசுல பாத்தது அதுவாத்தான் இருக்கும். அடுத்தது அடிமரம். கீழ அகலமா மேல போகப்போக ஒடுங்கிப் போனா அது விதையில மொளச்ச மரம். கீழருந்து மேல வரைக்கும் ஒரே பருமனா உருளையா நின்னு, தரைக்கிட்ட மட்டும் யானைக்கால் மாதிரி புடைச்சிருந்தா அது மொட்டு ஒட்டுக் கட்டின மரம். மலாயாவுல அந்த ஒட்டு முறை பரவுனதே 1920கள்லதான், நட்டு வெட்டுக்கு வர இன்னும் ஆறேழு வருஷம் ஆகும், அப்ப அந்தப் படம் 1930 வாக்குலயோ அதுக்கும் பின்னாடியோ எடுத்ததுன்னு மரமே சொல்லிடுது பாருங்க.

அப்புறம் பால் வடியுற மங்கு. அது தகரமா, கண்ணாடியா, பீங்கானா, செரட்டையா? தோள்ல வாளி தூக்குற காண்டாக் கம்பு இருக்கா, வாளி எப்படி இருக்கு? பின்னால தொழிலாளிங்க குடியிருந்த லயம் தெரியுதா, கூரை தகரமா அத்தாப்பு ஓலையா? இதையெல்லாம் ஒரு தாள்ல எழுதுங்க. கலர மட்டும் சாட்சியா எடுத்துக்காதீங்க, அந்தக் காலத்துல கறுப்பு வெள்ளைப் படத்துக்கு கலர் போட்டது பெரும்பாலும் ஐரோப்பாவுல உக்காந்துக்கிட்டு, இந்த ஊரையே பாத்திராத ஆளுங்க. சேலை செவப்பா இருக்குன்னா அது அச்சகத்துல குடுத்த செவப்பு.

கார்டு போட்டவங்க பேரையும் தேடுங்க. சிங்கப்பூர் லேம்பர்ட் கம்பெனி, பினாங்கு கவுல்ஃபஸ் ஸ்டூடியோ இதெல்லாம் வெள்ளைக்காரங்க நடத்துனது. ஆனா எஸ். எம். மாணிக்கம், பினாங்குன்னு இங்கிலீஷ்ல அச்சடிச்ச கார்டுங்களும் இருக்கு. கார்டுல நிக்கிறவங்க மட்டுமில்ல, கார்டு போட்டு வித்தவங்கள்லயும் தமிழ்ப் பேரு இருக்குங்கறது எனக்கு எப்பப் பாத்தாலும் நெஞ்ச நிமுத்துற விஷயம். அந்தப் பேரு இருந்தா படம் பினாங்கு, அதுக்கு எதிர்க்கரை வெல்லெஸ்லி, வட பேராக் பக்கமா இருக்குமோன்னு மொதல்ல அங்க தேடலாம், நிச்சயம்னு சொல்லிட முடியாது.

கடைசியா, ஒரு நகல் எடுத்துக்கிட்டு கோயில் திருவிழாவுக்குப் போங்க டீச்சர். எண்பது வயசுக்காரங்க கையில குடுங்க. 1950, 60கள்ல பெரிய தோட்டங்கள துண்டு துண்டாப் பிரிச்சு வித்தப்ப எத்தனையோ தோட்டத்துப் பேரே காணாமப் போச்சு, காலைல ஆளுங்கள நிறுத்திப் பேரு கூப்பிடுற பெரட்டுக் களம் இருந்த எடத்துல இன்னிக்கு தாமான் குடியிருப்பு வீடுங்க. எந்த மலை எந்தப் பக்கம் தெரியும், ஸ்டோரு எங்க இருந்துச்சு, கணக்கு எழுதுற கிராணி வீடு எங்கன்னு சொல்லக் கூடியவங்க இன்னும் இருக்காங்க. அவங்க சொன்னத, சொன்னவங்க பேரோட, தேதியோட எழுதி வைங்க. ஒருத்தர் ஒரு தோட்டம், இன்னொருத்தர் வேற தோட்டம்னு சொன்னா ரெண்டையும் எழுதுங்க.

குளுவாங் வாசகி: எங்க வீட்டுல கார்டெல்லாம் பழுப்புப் புள்ளி விழுந்து, பூஞ்சை வாசம் வருது. லேமினேட் பண்ணிடலாமான்னு யோசிக்கிறேன்.

லேமினேட் பண்ணா கதை முடிஞ்சுது, பிறகு பிரிக்கவே முடியாது. பசை ஒட்டுற ஆல்பமும் ஆகாது, ரப்பர் பேண்டு நாளாக நாளாக எறுகி கார்டுலயே ஒட்டிக்கும், கிளிப்பு துருப்புடிக்கும். பூஞ்சை இருந்தா வெயில்ல காய வைக்காம நெழல்ல ஃபேன் காத்துல நல்லா ஒணத்திட்டு, முகக்கவசம் போட்டுக்கிட்டு வாசல்ல வச்சு மெத்துனு இருக்கற தூரிகையால தட்டிவிடுங்க, ஈரத்துணி பக்கத்துலயே போகக் கூடாது. பழுப்புப் புள்ளி போகாது, அத அப்படியே விட்டுடுங்க. ஒவ்வொரு கார்டயும் தனித்தனியா பாலிப்ரொப்பிலீன் உறையில போடுங்க, பிவிசி உறை வேணாம், பிளாஸ்டிக் நாத்தம் அடிச்சாலே வாங்காதீங்க. நம்ம ஊரு ஈரத்துக்கு மூடி இறுக்கமான டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வேணும், ஜெல்ல அப்பப்ப மாத்தணும். கேமரா வைக்கிற டிரை கேபினெட் வாங்க வசதி இருந்தா இன்னும் நல்லது. குறிப்பு எழுதணும்னா மெத்துனு எழுதுற பென்சில்ல, இல்லன்னா உறைக்குள்ள தனித்தாள்ல.

பாகான் செராய் வாசகர்: புதுசா சேக்க ஆரம்பிக்கறவன், எங்க போய் வாங்கறது? ஒரிஜினல்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

நம்ம பக்கத்துக்கு ஈப்போல ஞாயித்துக்கெழம காலைல போடுற மெமரி லேன் சந்தை இருக்கு, பினாங்குல லோரோங் கூலிட், பெட்டாலிங் ஜெயால அம்கார்ப் மால். விடியக்காலம் போங்க தம்பி, நல்லதெல்லாம் சீக்கிரமே போயிடும். வாங்கறதுக்கு முன்னாடி கையில ஒரு லென்ஸ் இருக்கணும். நெசப் போட்டோ கார்டுன்னா பெருசாக்கிப் பாத்தாலும் புள்ளி தெரியாது, கறுப்பு வெள்ளை வழுவழுன்னு ஓடும். புள்ளி புள்ளியா தெரிஞ்சா அச்சடிச்சது, அதுலயும் பழசு இருக்கு, ஆனா நெசப் போட்டோன்னு சொல்லி வித்தா நகர்ந்து வந்துடுங்க. பணம் செக் பண்ற ஊதா விளக்கு ஒண்ணும் வாங்கிக்குங்க, பழைய தாள் அதுல மங்கலா இருக்கும், 1950களுக்குப் பின்னாடி வந்த தாளு பெரும்பாலும் பளிச்சுனு நீல வெள்ளையா மின்னும். நூறு வருஷக் கார்டுன்னு சொல்லி மின்னுச்சுன்னா காச பாக்கெட்லயே வச்சுக்குங்க.

ஒரு ஊர மட்டும் எடுத்து ஆரம்பிங்க, பாகான் செராய்னா பாகான் செராய், அதச் சுத்தி இருக்க தோட்டங்க, ஸ்டேஷன், கடைவீதி. எல்லா ஊரையும் அள்ளணும்னு போனா காசுதான் கரையும். கடைக்கார தவுக்கேகிட்ட மணிக்கூண்டு வேணும்னு கேக்காதீங்க, தோட்டத்துக் கார்டு, யாரும் கண்டுக்காத கார்டு எல்லாத்தையும் ஒரு டப்பாவுல போட்டு வச்சிருப்பாரு, அத எடுக்கச் சொல்லுங்க.